தொட்டி வேண்டாம், ஒப்பந்தம் போடுங்கள்

எங்கள் தெருமுனையில், தண்ணீரின் உப்பை வடிகட்டித் தரும் ஒரு ஆர்.ஓ. குடிநீர்த் தொட்டி இருக்கிறது. ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியில் வைத்துக்கொடுத்தது. ரிப்பன் வெட்டிய அன்று நானும் கைதட்டினேன். எட்டு மாதம் ஓடியது. அப்புறம் உப்பை வடிகட்டும் மெம்பரேன் அடைத்துக்கொண்டது. கம்பெனியில் கேட்டால் ‘ஒப்படைத்துவிட்டோம்’ என்றார்கள். யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று விசாரித்துப் போனால், போன இடத்தில் ‘அப்படி ஒன்று எங்கள் கணக்கிலேயே இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அதில் பளபளப்பாக இருப்பது கல்வெட்டு மட்டும்தான். கிரானைட் அல்லவா.

கம்பெனிகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் 26 வருடம் யுடிலிட்டி செக்‌ஷனில் இருந்தவன் நான். பாய்லர், கூலிங் டவர், டீசல் ஜெனரேட்டர், இவைதான் என் உலகம். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கடலூரும் கடலூர் ஆலைகளும் ஒருவருக்கொருவர் உதவி செய்துகொள்வதை நிறுத்திவிட்டு, எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும்.

2011 டிசம்பர் 30, தானே புயல். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை எல்லோரும் பேசினார்கள். எங்கள் தெருவில் நினைவில் நிற்பது தண்ணீர்தான். போர் (ஆழ்துளைக் கிணறு) இருந்தது, மோட்டார் இருந்தது, கரண்ட் இல்லை. சின்ன ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்தார்கள், மணிக்கு இவ்வளவு என்று பேரம். மேல்தொட்டி நிரம்புவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார். சண்டை, கண்ணீர், எல்லாம் பார்த்தோம்.

அதே நாட்களில் நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு பெரிய ஜெனரேட்டர் சும்மா நின்றது. உற்பத்தி நிறுத்தியாகிவிட்டது, அதற்கு வேலை இல்லை. பிறகு ஒருநாள் மேனேஜரிடம் கேட்டேன். ‘யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே’ என்றார். பொய் சொல்லவில்லை, நல்ல மனிதர். ஆனால் யார் கேட்பது, யாரிடம் கேட்பது? டீசல் யார் செலவு, கேபிள் யாருடையது, ஆபரேட்டருக்கு ஒன்று ஆனால் யார் பொறுப்பு? புயல் நடுவில் உட்கார்ந்து இதையெல்லாம் பேச முடியாது. அக்டோபருக்கு முன்னால் பேசிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டியது. எந்த நீரேற்று நிலையத்துக்கு எந்த ஆலையின் ஜெனரேட்டர் போகும் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

ஃபெஞ்சல் புயல் வந்தபோதும் இதே கதைதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை குண்டு உப்பலவாடிப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. கடலில் தள்ளிய அப்பரைக் கல்லே தெப்பமாகி இந்த ஊரில்தான் கரைசேர்த்தது என்பார்கள். நமக்கு அந்த அருள் எல்லாம் கிடையாது, மோட்டார்தான் ஓட வேண்டும்.

வெள்ளத்தை விடவும் எனக்குப் பயம் நிலத்தடி நீரை நினைத்துத்தான். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. பொதுவான கணக்கு இது: நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளிவைத்திருக்கும். மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழே அந்த 40-ம் போகும். ஆலை போரும் வீட்டுப் போரும் உறிஞ்சுவது இதே நிலத்தடியைத்தான். கடல் மட்டமோ ஏறிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. எங்கள் மாவட்டத்து வீராணம் தண்ணீர் 2004 முதல் சென்னைக்குப் போகிறது. சென்னை அதில் குளித்துச் சாக்கடையில் விடுகிறது. கோயம்பேட்டில் அந்தக் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து, ஒரு நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்குக் குழாயில் விற்கிறார்கள். மணலிப் பக்கத்துக்குக் கொடுங்கையூரிலிருந்து அதே அளவுக்கு இன்னொன்று. மணலியில் உர ஆலையும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் 1990களிலேயே சாக்கடைத் தண்ணீரை வாங்கி சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. வீராணத்துத் தண்ணீர் ஒரகடத்தில் இரண்டாவது முறை உழைக்கிறது. கடலூர்ச் சாக்கடை ஏன் சிப்காட்டில் உழைக்கக் கூடாது?

ஆலையின் சூட்டைத் தணிக்கும் கூலிங் டவருக்குக் குடிதண்ணீர் தேவையே இல்லை. அதற்கு வேண்டியது உப்பும் அழுக்கும் கட்டுக்குள் இருக்கிற தண்ணீர், அவ்வளவுதான். ஆலைக்குள்ளேயும் மிச்சம் பிடிக்க நிறைய இருக்கிறது. டவரில் ஆவியானது போக உப்பு சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவோம், பிளோ டவுன் என்போம். உப்பு மூன்று மடங்கு ஆனதும் திறப்பதற்குப் பதில், மருந்து சரியாகப் போட்டு ஆறு மடங்கு வரை ஓட்டினால், டவர் குடிக்கும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். ஸ்டீம் குளிர்ந்து வரும் கன்டென்சேட் கிட்டத்தட்ட காய்ச்சி வடித்த தண்ணீர், அதுவும் சூடாக. அதைப் பல வருடம் கால்வாயில் விட்டோம். நான் சொன்னபோது வந்த பதில்: ‘போர் தண்ணி சும்மாதானே வருது.’ தண்ணீருக்கு மீட்டரும் விலையும் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிப்காட் ஓரம் ஓடும் உப்பனாற்றைக் கழிவு விட்டு இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களோடு ஒப்பந்தமா என்று மீனவ நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கோபம். ஒப்பந்தம் போட்டால் பழசையெல்லாம் மன்னித்துவிட்டதாக ஆகாது. ஒரு நாளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஆலைக்குள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது என்று இரண்டு முனையிலும் மீட்டர் வைத்து ஊருக்குக் காட்ட வேண்டும் என்று எழுதினால், ஒளித்துத் திறந்துவிடுவது கஷ்டமாகும். அதே தாளில் இன்னும் இரண்டை எழுதாவிட்டால் நானே எதிர்ப்பேன். சுத்திகரித்த தண்ணீர் வாங்கும் ஆலை தன் போரை மூடிச் சீல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் குடிக்கும். ஆர்.ஓ. போட்டால் கழித்துவிடும் உப்பு நீர் எங்கே போகும் என்பதும் முதலிலேயே முடிவாக வேண்டும். உப்பனாறு என்ற பதிலை மட்டும் ஏற்க முடியாது.

இதையெல்லாம் மனுவாக எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்போகிறேன். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வரலாம். அந்தத் தொட்டிப் பக்கத்தில்தான் இருப்பேன். குடிக்கத் தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.