பூட்டியது பெயரையா, மதிப்பையா?

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ஒரு மதிப்புக்குப் பெயர் வைக்கும்போது முன்னால் ‘கான்ஸ்ட்’ (const) என்று எழுதலாம். பாடங்கள் பலவும் ‘கான்ஸ்ட் போட்டால் மதிப்பு மாறாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு இதில் கடும் ஆட்சேபம் உண்டு. கான்ஸ்ட் பூட்டுவது பெயரை மட்டுமே. அந்தப் பெயருக்கு வேறொரு அரேயை, அதாவது வேறொரு பட்டியலை, கொடுக்க முடியாது, அவ்வளவுதான். இருக்கிற அரேக்குள் சேர்க்கலாம், நீக்கலாம், கலைத்தும் போடலாம்.

கான்ஸ்ட் என்று அறிவித்த பட்டியல் ஒன்றை ஒரு ஃபங்ஷனிடம் (குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல்துண்டு) கொடுக்கிறோம் என்று வையுங்கள். அறிக்கை தயாரிப்பதற்காக அது உள்ளே ‘சார்ட்’ செய்து வரிசைப்படுத்துகிறது. சார்ட் புதிய பட்டியலைத் தருவதில்லை; கொடுத்ததையே மாற்றி அடுக்குகிறது. அதே பட்டியலை நம்பியிருக்கும் இன்னொரு பக்கத்தில் வரிசை குலைந்து நிற்கும், பிழைச்செய்தி எதுவும் வராது. அசலைத் தொடாத ‘டு சார்ட்டட்’ 2023ஆம் ஆண்டுத் தரத்தில்தான் சேர்ந்தது. ‘ஆப்ஜெக்ட் ஃப்ரீஸ்’ இருக்கிறதே என்பார்கள். அது மேலடுக்கை மட்டும் உறையவைக்கும். உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுகளை (மதிப்புத் தொகுப்புகளை) எப்போதும்போல மாற்றலாம்.

ஜாவா மொழியில் கான்ஸ்ட் போலப் போடும் ‘ஃபைனல்’ என்ற சொல்லும் இதே கதைதான்.

பைத்தானில் மாறிலிக்கென்று தனி ஏற்பாடே கிடையாது. பெரிய எழுத்தில் பெயர் வைத்துவிட்டு, மற்றவர்கள் மதிப்பார்கள் என்று நம்புகிறோம். 3.8 பதிப்பில் வந்த ஃபைனல் குறிப்பும், நிரலை ஓட்டாமலேயே சரிபார்க்கும் டைப் செக்கருக்கு மட்டுமே. நிரல் ஓடும்போது அது எதையும் தடுக்காது. டியூப்பிள் என்ற பட்டியல் வகை மாறாதது என்பது உண்மை. ஆனால் டியூப்பிளுக்குள் மாறக்கூடிய பட்டியலான ஒரு லிஸ்ட்டை வைத்து, டியூப்பிள் வழியாகவே அதன் மீது += போட்டு மேலும் சேர்த்துப் பாருங்கள்: டைப் எரர் வரும், லிஸ்ட்டும் நீண்டிருக்கும்!

ரஸ்ட் மொழியின் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. எதுவும் சொல்லாவிட்டால் மாறாது. அதன் பட்டியலான வெக்டரின் பெயரோடு உள்ளடக்கமும் சேர்ந்தே பூட்டப்படும். மாற வேண்டியதற்கு ‘மியூட்’ என்று எழுதியாக வேண்டும். பிறர் எழுதிய நிரலைப் படிக்கும்போது எங்கே கண்ணை ஊன்ற வேண்டும் என்பது அந்த ஒரு குறியிலேயே தெரிந்துவிடுகிறது.

பட்டியலை மாற்றவே கூடாது என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நகல் எடுக்க வேண்டியிருக்கும்; அப்போது வேகம் என்னாவது என்ற கேள்வி நியாயமானது. 2007இல் வெளிவந்த குளோஜர் மொழி முழு நகல் எடுப்பதில்லை. மதிப்புகளை மர வடிவில் அடுக்கிவைத்து, மாறிய கிளையின் சில கணுக்களை மட்டும் புதிதாக எழுதுகிறது. மீதியைப் பழைய பட்டியலும் புதியதும் பகிர்ந்துகொள்கின்றன. லட்சக்கணக்கான முறை சுழலும் கணக்கீட்டில் அதற்கும் செலவு உண்டுதான். அங்கே மட்டும் மாறும் அரேயை வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை அது அந்த ஃபங்ஷனைத் தாண்டி வெளியே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.