நாலரை வயதில் ஓர் இலக்கம் எதற்கு?

போன மாதம் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போனோம். நாலரை வயது மகள் ஏழு கிணற்றுத் தண்ணியிலும் கை வைத்துப் பார்த்து, எது சூடு கூட, எது குறைவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு, "அம்மா, கீழ ஆர் அடுப்பு மூட்டினது?" என்று கேட்டாள். வீடியோ பார்த்த கனடா அக்கா அன்றிரவே போன் எடுத்தார். இவள் வயதுக்கு மிஞ்சிய கெட்டிக்காரி, மீத்திறன் பிள்ளைதான், கொழும்புக்குக் கூட்டிப் போய் நுண்ணறிவுச் சோதனை (IQ) செய்து பார் என்றார்.

ஒரு கிழமை யோசித்தேன். வேண்டாம். போனில் விளங்கப்படுத்த முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சோதனைகளில் சராசரி 100. 130ஐத் தாண்டுவது நூற்றுக்கு இரண்டு பேரளவில்தான். ஆனால் நாலைந்து வயதில் எடுக்கும் புள்ளி நிலையாக நிற்பதில்லை. ஆறேழு மணித்தியாலம் பஸ்ஸில் குலுங்கிப் போய், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் இருத்தினால் என் பிள்ளை வாயே திறக்கமாட்டாள். இரண்டு வருடம் கழித்துச் செய்தால் வேறு இலக்கம் வரலாம். பெற்றவள் மனதில் மட்டும் முதல் இலக்கம் ஒட்டிக்கொள்ளும். 132 என்று வந்தால் இப்போதே புலமைப்பரிசில் கனவு காணத் தொடங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதல் இலக்கத்தை நம்பவும் முடியாது. அமெரிக்காவில் உளவியலாளர் டெர்மன், இந்தச் சோதனையில் கூடிய புள்ளி எடுத்த பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து 1921இல் தொடங்கிய ஆய்வில், புள்ளி போதாதென்று விடுபட்ட ஷொக்லியும் அல்வாரெஸும் பின்னாளில் பௌதிகத்தில் நோபல் பரிசு வாங்கினார்கள்.

அதற்காகச் சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1905இல் பாரிசில் உளவியலாளர் பினே இதை உருவாக்கியதே, பள்ளியில் எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று அறியத்தான். எங்கள் ஒழுங்கையில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பேப்பரைக் கடகடவென்று வாசிப்பான். இரண்டு வரி எழுதச் சொன்னால், பென்சிலை இறுக்கிப் பிடித்து, தாள் கிழியும்வரை அழுத்தி, கடைசியில் அழுதுவிடுவான். வகுப்பில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர். கேட்கும்போது வயிறு எரிகிறது. அவனைத்தான் கட்டாயம் காட்ட வேண்டும். எதில் கெட்டிக்காரன், எங்கே தடக்குப்படுகிறான் என்று பிரித்துத் தெரிந்தால் தாய்க்கும் ரீச்சருக்கும் அடுத்த நாளே செய்ய வேலை இருக்கும். என் மகளுக்கு என்ன இலக்கம் வந்தாலும் அடுத்த நாள் அதே கதைப் புத்தகம், அதே கடற்கரைதான்.

நேற்று அவன் தாயோடு கதைத்தேன். முதலில் அழுதார், பிறகு சரி என்றார். வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு நானும் கூடப் போகிறேன்.