அணிவகுப்பு முடிந்த பிறகு

பதினாறு வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போக மறுக்கிறான், இரவில் வீடு தங்குவதில்லை, கேட்டால் கதவை அறைந்து சாத்துகிறான். இப்படி ஒரு வீடு தவிக்கும்போது சுற்றியிருப்பவர்கள் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: ராணுவக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் கொண்டுபோய் விடுங்கள், ஆறே மாதத்தில் வழிக்கு வந்துவிடுவான். இந்த யோசனையை முழுவதுமாகத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. ஆனால் இதைச் சொல்பவர்களில் பலர் அந்த ஏற்பாட்டின் தவறான பகுதியைப் பார்த்து மயங்குகிறார்கள். அந்தத் தவறான பகுதி பிள்ளைகளின் உயிரையும் பறித்திருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த வகையில் மிகக் கவனமாக ஆராயப்பட்ட திட்டம், அமெரிக்க ராணுவத்தின் துணைப் படையான நேஷனல் கார்டு நடத்தும் யூத் சேலஞ்ச். 1993இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1998இல் நிரந்தரமாக்கப்பட்டது. பள்ளியை விட்டு நின்றுவிட்ட, அல்லது நின்றுவிடும் நிலையில் உள்ள 16 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. குடும்பத்திடம் கட்டணம் வாங்குவதில்லை. முதல் இரண்டு வாரம் பழகிக்கொள்வதற்கு. அதில் தாக்குப்பிடித்தவர்களுக்கு 20 வாரம் உறைவிடப் படிப்பு. பையன்களுக்கு முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள், சீருடை தருவார்கள், கேடட் என்று அழைப்பார்கள். விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டும், படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும், வரிசையாகத்தான் சாப்பிடப் போக வேண்டும். வகுப்பு, உடற்பயிற்சி, ஊருக்கு உழைக்கும் சேவை, வேலைக்கான பயிற்சி என்று நாள் முழுவதும் நிரம்பியிருக்கும். படித்து முடித்ததும் படையில் சேர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

பலரும் கவனிக்காமல் விடுவது இதற்கு அடுத்த கட்டம். வாயிலைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பிய பிறகு 12 மாதங்கள், ஒரு வழிகாட்டி அந்தப் பிள்ளையோடு தொடர்பில் இருக்க வேண்டும். அந்த வழிகாட்டி சம்பளம் வாங்கும் அதிகாரி அல்ல. சேரும்போதே, தனக்குத் தெரிந்த பெரியவர்களிலிருந்து ஒருவரைப் பிள்ளையே முன்மொழியலாம். பழைய ஆசிரியர், குடும்ப நண்பர், வேலை கொடுத்தவர், யாராகவும் இருக்கலாம். மொத்தத் திட்டத்தின் நீளம் ஏறத்தாழ பதினேழு மாதம். சீருடையோடு கழிவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பலன் உண்டா? உண்டு. எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முடிவுகள் 2011இல் வந்தன. இடம் கிடைத்த குழுவில் 72 சதவீதத்தினர் பள்ளி இறுதிச் சான்றிதழோ அதற்கு இணையான ஜி.இ.டி. தேர்ச்சியோ பெற்றிருந்தார்கள், மற்ற குழுவில் 56 சதவீதம். கல்லூரிப் பாடம் ஏதேனும் முடித்தவர்கள் 35 சதவீதம். மற்ற குழுவில் 19. ஆண்டு வருமானம் சுமார் 20 சதவீதம் கூடுதல். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இடம் கிடைத்த அனைவரும் இந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் உறைவிடக் கட்டத்தை முழுதாக முடித்தார்கள். வராதவர்களையும் பாதியில் திரும்பியவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டே இந்த வித்தியாசம் கிடைத்தது. பிறகு ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் செலவையும் பயனையும் ஒப்பிட்டு, செலவாகும் ஒவ்வொரு டாலருக்கும் சமூகத்துக்கு 2.66 டாலர் திரும்புகிறது என்று மதிப்பிட்டது.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. மூன்று ஆண்டு முடிவில், குற்றம், உடல்நலம், போதைப் பழக்கம் ஆகியவற்றில் இரு குழுவுக்கும் நிலையான வித்தியாசம் தென்படவில்லை. அதாவது இந்தத் திட்டம் பிள்ளைக்குக் கையில் ஒரு சான்றிதழைக் கொடுக்கிறது, வேலைக்கான கதவைத் திறக்கிறது. "அடங்குவான், ஒழுங்காவான்" என்று எதிர்பார்த்து அனுப்புபவர்கள் தேடுவது அங்கே இல்லை. அவர்கள் தேடாத ஒன்று, படிப்பைத் தொடர இரண்டாவது வாய்ப்பு, அங்கே இருக்கிறது. எனக்கு அது போதுமானதைவிட அதிகமாகவே படுகிறது.

கட்டுப்பாட்டுக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வேன். எந்த இரவு எங்கே தூங்குவோம் என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நேரத்தில் உறக்கம், அடுத்த மணி நேரத்தில் என்ன நடக்கும் என்ற நிச்சயம் ஆகியவை பெரிய நிம்மதி. தெருவில் கூப்பிடும் கூட்டத்திலிருந்து சில மாதம் விலகியிருப்பதும் அப்படித்தான். ஆனால் இவை எதற்கும் யாரும் கத்த வேண்டியதில்லை. படுக்கையைச் சரியாக விரிக்காத பையனின் முகத்துக்கு முன்னால் நின்று அலறுவதால் அவனுக்கு அல்ஜீப்ரா புரிந்துவிடாது.

வெறும் அதட்டலை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பூட் கேம்ப் என்ற ராணுவ பாணித் தண்டனை முகாம் 1983இல் அமெரிக்காவின் ஜார்ஜியா, ஓக்லஹோமா மாநிலங்களில் வயதுவந்த கைதிகளுக்காகத் தொடங்கியது, 1985இல் லூசியானாவில் சிறார்களுக்கும் வந்தது, தொண்ணூறுகளில் நாடெங்கும் பரவியது. நீதிமன்றம் அனுப்பும், பிள்ளை போயாக வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2005ஆம் ஆண்டு மதிப்பாய்வு, இந்த முகாம்களுக்குப் போனவர்களும் போகாதவர்களும் மீண்டும் குற்றம் செய்வதில் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கிறார்கள் என்றது. ஓட்டமும் உரத்த கட்டளையும் அங்கேயும் இருந்தன. யூத் சேலஞ்சில் உள்ளதுபோல் பிள்ளை விரும்பி வருவதும், வெளியே காத்திருக்கும் வழிகாட்டியும் இல்லை. எந்தக் கூறு எவ்வளவு உதவியது என்று எம்.டி.ஆர்.சி. ஆய்வு தனித்தனியாகப் பிரித்துச் சொல்லவில்லை. ஆனாலும் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, உதவியது அதட்டல் அல்ல, விருப்பமும் வழிகாட்டியும்தான் என்பதைத் தவிர வேறு முடிவுக்கு என்னால் வர முடியவில்லை.

இறந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 1999இல் தெற்கு டகோடா மாநிலத்தில் இத்தகைய முகாம் ஒன்றில் 14 வயதுச் சிறுமி, வெயிலில் கட்டாய ஓட்டத்தில் சரிந்து விழுந்தாள். நடிக்கிறாள் என்று நினைத்து அவளை அப்படியே தரையில் கிடக்க விட்டார்கள். உடல் வெப்பம் ஏறி இறந்தாள். 2006 ஜனவரியில் ஃபுளோரிடாவின் பனாமா சிட்டி முகாமில் 14 வயதுச் சிறுவன், சேர்ந்த முதல் நாளே, ஓட்டத்தின் நடுவில் இனி முடியாது என்று நின்றான். காவலர்கள் அவனைச் சூழ்ந்து அடித்ததும், மூக்கில் அம்மோனியாவை வைத்து அழுத்தியதும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது. மறுநாள் இறந்தான். ஃபுளோரிடா அந்த ஆண்டே இத்தகைய முகாம்களை மூடியது. வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் 2007இல் விடுதலையானார்கள்.

இரண்டு இடத்திலும் பெரியவர்களின் மனத்தில் ஓடியது ஒரே எண்ணம்: இந்தப் பிள்ளை ஏமாற்றுகிறது. இதை நான் தனிமனிதக் கொடூரம் என்று மட்டும் பார்க்கவில்லை. எல்லாக் களைப்பையும் முரண்டு என்று படிக்கப் பழக்கும் இடம், ஒரு நாள் உண்மையான மரண வேதனையையும் முரண்டு என்றே படிக்கும். "முடியவில்லை" என்று பிள்ளை சொல்ல இடமில்லாத அமைப்பில், அதைக் கேட்கும் காதும் இருக்காது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் 2007இல் இத்தகைய உறைவிட நிலையங்களைப் பற்றி அறிக்கை அளித்தது. 2005ஆம் ஆண்டில் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் துன்புறுத்தல் சம்பவங்களில் தொடர்புள்ளவர்களாகப் பதிவாகியிருந்தார்கள். படிக்கும்போது கோபம் வராமல் இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் அரசுகளுக்கு இந்த முகாம்கள் மீது ஆசை தீரவில்லை. 2024 ஜூலையில் நியூசிலாந்து அரசு, கடுமையான குற்றங்களில் ஈடுபட்ட 15 முதல் 17 வயதுப் பையன்கள் பத்துப் பேருக்கு ராணுவ பாணிப் பயிற்சி மையம் ஒன்றைச் சோதனையாகத் தொடங்கியது. மூன்று மாதம் உள்ளே, ஒன்பது மாதம் வெளியே ஆதரவோடு என்பது திட்டம். உள்ளே இருந்தவரை பெரிய சிக்கல் இல்லை. சிரமங்கள் வெளியே வந்த பிறகு தொடங்கின: சிலர் தலைமறைவானார்கள், சிலர் மீண்டும் குற்றத்தில் சிக்கினார்கள், ஒருவர் சாலை விபத்தில் இறந்துபோனார். மிகக் கடினமான பிள்ளைகள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விவாதம் மட்டும் முகாமைச் சுற்றியே நடந்தது.

வழிகாட்டி விஷயத்துக்குத் திரும்புகிறேன், என் மனம் அங்கேதான் நிற்கிறது. யூத் சேலஞ்ச் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த மற்றோர் ஆய்வு, மூன்று ஆண்டு கடந்தும் பாதிக்கும் மேற்பட்டோர் வழிகாட்டியோடு தொடர்பில் இருந்ததைக் கண்டது. கட்டாயக் காலம் ஓராண்டுதான். அதற்குப் பிறகு அவர்களாகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெற்றோரோ ஊழியரோ தேடிக் கொடுத்தவரைவிட, பிள்ளை தானே தேர்ந்தெடுத்தவரோடு உறவு நீடிக்க வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிந்தது. உலகத்தில் எல்லாப் பெரியவர்களும் தன்னைக் கைவிட்டதாக நினைக்கும் பிள்ளையிடம், "உனக்கு யார் வேண்டும், நீயே சொல்" என்று கேட்பது எவ்வளவு பெரிய மரியாதை! அந்தக் கேள்விக்கு ஒரு பெயர்கூடச் சொல்ல முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பணமும் உழைப்பும் முதலில் போக வேண்டியது அவர்களுக்கு.

ஆகவே பிள்ளையை இப்படி ஓரிடத்துக்கு அனுப்ப யோசிக்கும் பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். மைதானத்தையும் அணிவகுப்பு வீடியோவையும் காட்டுவார்கள், பாருங்கள், தவறில்லை. பிறகு, உள்ளே இருக்கும் பிள்ளை உங்களோடு தனியாகத் தொலைபேசியில் பேச முடியுமா, உடம்பு முடியவில்லை என்றால் யாரிடம் சொல்வான், வெளியே வந்த ஏழாவது மாதத்தில் அவனைத் தேடி வரப்போகிறவர் யார் என்று கேளுங்கள். முக்கியமாக, அவனுக்கே போக விருப்பமா என்பதை அவனிடம் கேளுங்கள். "அதெல்லாம் கேட்க வேண்டாம், நள்ளிரவில் ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம்" என்று சொல்லும் நிலையங்களும் இருக்கின்றன. அங்கே எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.