அந்தப் பொடி ஆக்சிஜன் தராது

வட சென்னை குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "நுண்துளை பாலிமர் பொடி 100 கிராம் வீட்டில் தொங்கவிட்டால், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி ஆக்சிஜனாக மாற்றும்; வீசிங் குறையும்." இது தவறு.

நுண்துளை பாலிமர் என்ற பொருள் உண்மைதான். ஸ்பாஞ்சு போல உள்ளே எக்கச்சக்கமான துளைகள். ஒரு கிராமின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அங்கே உள்ள அமீன் தொகுதிகள் (நைட்ரஜன் கொண்ட வேதி அமைப்புகள்) கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துவைக்கும். பிடிப்பதோடு சரி. நிரம்பியதும் சூடாக்கியோ வெற்றிடத்தில் வைத்தோ வாயுவை வெளியேற்றினால்தான் மறுபடி உழைக்கும். நல்ல வகைப் பொடியே ஆனாலும், 100 கிராம் கொண்டு காற்றிலிருந்து 10 கிராம் பிடிப்பதே பெரிய விஷயம். ஒரு ஆள் மட்டும் மணிக்குச் சுமார் 40 கிராம் வெளிவிடுகிறார்!

சரி, மாற்றுவது? பிடித்ததை வேறு பொருளாக்க, வினையை வேகப்படுத்தும் வினையூக்கி வேண்டும், எபாக்சைடு போன்ற இன்னொரு வேதிப்பொருளும் வேண்டும். அப்போதும் கிடைப்பது ஆக்சிஜன் அல்ல; பேட்டரி திரவத்துக்குப் பயன்படும் வளையக் கார்பனேட் என்ற வேதிப்பொருள்.

வீசிங் விஷயம்தான் எனக்குக் கவலை. எண்ணூர், மணலி பக்கம் மூச்சை இறுக்குவது நுண்தூசியும் சல்பர் டை ஆக்சைடும். பொடியை நம்பி இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். நுண்துளை பாலிமர் பற்றிய ஆய்வுகள் பெரிதும் குறிவைப்பது வீடுகளை அல்ல, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை. நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 15 சதவீதம், வெளிக்காற்றில் வெறும் 0.04.