படப்பெட்டியும் மேடையும்

பழைய படங்களைக் காப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், சிவாஜியின் ‘கர்ணன்’ படத்தை டிஜிட்டலில் சுத்தம் செய்து 2012-ல் திரும்ப வெளியிட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். அதை நான் அப்போது தியேட்டரில் பார்த்தேன், பக்கத்து சீட்டுப் பெரியவர் வசனத்தைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ‘கர்ணன்’ தப்பித்த படம். 1931-ல் வந்த ‘காளிதாஸ்’, தமிழின் முதல் பேசும் படம், அதற்கு இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. என் மாமா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் இறந்த பிறகு பரணில் இருந்த ஒரு தகர டப்பாவைத் திறந்தோம், வினிகர் போலப் புளித்த நெடி மூக்கில் ஏறியது, சுருள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் இப்படித்தான் ஆகும், ஆன பிறகு காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம், அதனால் குளிர்ந்த, ஈரமில்லாத அறைதான் முதல் தேவை, டிஜிட்டலாக மாற்றும் ஸ்கேனர் எல்லாம் அப்புறம்.

சரி, படங்களோடு பழைய நாடக மேடைகளையும் சேர்த்துப் பேசுங்கள். சென்னை சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹால், ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்தது, பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம். அதை மாநகராட்சி புதுப்பிக்க எடுத்தது நல்ல காரியம். சுவரைப் பூசிக் கண்காட்சியாக மட்டும் வைத்துவிடாமல், சின்ன நாடகக் குழுக்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் மாலை நேரத்தில் கொடுக்க வேண்டும்.