அட்டைச் சொக்ஸ்

(வெள்ளவத்தை, மூண்டாம் மாடி ஃப்ளாட். ராசன் சோபாவில இருந்து புதுச் சப்பாத்துக்கு லேஸ் கோர்க்கிறார்.)

வசந்தி: இஞ்சேருங்கோ, கீழ கடையில பாண் வாங்கவே த்ரீவீல் பிடிக்கிற ஆள், ஆருக்கப்பா இந்தச் சப்பாத்து?

ராசன்: எனக்குத்தான். நடை குரூப் ஒண்டில சேந்திட்டன், ஞாயிற்றுக்கிழமை பெக்கோ ட்ரெயில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால போற நடைபாதை. மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல, 22 கட்டம்.

வசந்தி: முருகா! தவணை முறையிலயோ?

ராசன்: முதல் கட்டம் மட்டுமப்பா. ஹந்தானையில இருந்து கலஹா, 13 கிலோமீட்டர் கிட்ட வரும்.

வசந்தி: 13 எண்டா எவ்வளவு தூரமெண்டு தெரியுமோ, இஞ்சயிருந்து கோட்டைக்கு நடந்து போய் திரும்பி பாதி வழி வாற மாதிரி. போன கிழமை காலிமுகத்திடல்ல நடக்கப் போறனெண்டு போய் இறால் வடைக் கடையைத் தாண்டேல்ல நீங்கள்.

ராசன்: அங்க வடைக்கடை இல்லை. எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலை ரோட்டு, அடுத்த கட்டத்தில லூல்கந்துர வரும், 1867ல ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட இடம்.

வசந்தி: அந்த மேட்டில 18 கிலோ கொழுந்தைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க ஏறி இறங்கிற சனத்துக்கு இது வேலை, உங்களுக்கு இது பொழுதுபோக்கு. அவையள் பார்த்துச் சிரிக்கப் போகினம்.

ராசன்: சிரிக்கட்டும். டொக்டரும் நடக்கத்தானே சொன்னவர்.

வசந்தி: அவர் மரைன் ட்ரைவில நடக்கச் சொன்னவர். இதென்ன, தலையணை உறை மாதிரி வெள்ளையா?

ராசன்: அட்டைச் சொக்ஸ். முழங்கால் மட்டும் இழுத்து கயிறு கட்டிறது, அட்டை உள்ள வராது. அது கடிக்கிறதே தெரியாதாம் வசந்தி, பிறகு ரத்தம் உறையாமல் ஓடிக்கொண்டே இருக்குமாம்.

வசந்தி: உங்கட ரத்தத்தைக் குடிச்சா அதுக்குத்தான் சுகர் வரும், பாவம். சாப்பாடு அவையள் தருவினமோ?

ராசன்: அது வந்து... ஆளுக்காள் கொண்டு போறதுதான், ஆனா குரூப்பில எல்லாரும் கடைப் பார்சல் எண்டு கதைக்க, எனக்கு மனம் கேக்கேல்ல, புட்டும் சம்பலும் நான் கொண்டு வாறனெண்டு சொல்லிப்போட்டன்.

வசந்தி: எத்தினை பேருக்கு?

ராசன்: 22.

வசந்தி: அது கட்டமெல்லோ?

ராசன்: ஆக்களும் 22தான்.

வசந்தி: பஸ் எத்தினை மணிக்கு?

ராசன்: விடிய நாலு.

வசந்தி: அப்ப சாமத்தில எழும்பி மாக் குழைச்சு, தேங்காய் துருவி, 22 பேருக்கு அவிச்சு இறக்கிறது நான், காத்து வாங்கிறது நீங்கள்?

ராசன்: சீச்சீ, உம்மட பேரையும் குடுத்திட்டனே.

வசந்தி: என்ர பேரையோ? ஏன்?

ராசன்: பின்ன, புட்டை ஆர் தூக்கிறது?