கொட்டியது ரசம்தான்

பந்தியில் ரசம் கொட்டிய ஒரு பையனை அவன் அப்பா எல்லோர் முன்னாலும் திட்டியதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை முகநூலில் நான் போட்ட நாலு வரிக்கு இத்தனை பேர் வந்து வகுப்பெடுப்பார்கள் என்று தெரிந்திருந்தால், அன்றைக்கே நீளமாக எழுதித் தொலைத்திருப்பேன். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை, படமும் போடவில்லை. ஆனாலும் எந்த வீட்டுப் பால்காய்ச்சு, யார் பையன், திட்டியது யார் என்று சொந்தத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. தெரியட்டும். "வீட்டு விஷயத்தை இப்படி வெளியே போடலாமா" என்று கேட்ட மதினிக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில் நடந்தது அது. அப்போது யாருக்கும் அது வீட்டு விஷயமாகத் தோன்றவில்லை. நான் எழுதிய பிறகுதான் வீட்டு விஷயம் ஆகியிருக்கிறது.

நேரில் பார்க்காமல் கமெண்ட் போட்டவர்களுக்காக இன்னொரு முறை. பதினோரு வயதுப் பையன். யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே வந்து "நானும் பரிமாறுறேன் அத்தை" என்று நின்றான். தண்ணீர் வைத்தான், அப்பளம் வைத்தான், ஒரு இலையை விடவில்லை. அப்புறம் ரச வாளியைத் தூக்கினான். நாலாவது இலையில் கரண்டி வாளி விளிம்பில் தட்டி, பாதி இலையிலும் மீதி ஒருவர் வேட்டியிலும் போனது. வேட்டிக்காரரே "பரவாயில்லப்பா, கொஞ்சம் தண்ணி குடு" என்றுதான் சொன்னார். பையனின் அப்பா அந்தக் கோடியிலிருந்து சத்தம் போட்டார்: "வெளங்காத பய. இவன்கிட்ட ஒண்ணக் குடுத்தா உருப்படுமா? போடா அங்கிட்டு." சிலர் சிரித்தார்கள். நானும் அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பையன் வாளியை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். பாயசத்துக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

கொட்டியது ரசம்தான். ஞாயிற்றுக்கிழமையும் இதைத்தான் எழுதினேன். "கரண்டியை ஒழுங்காப் பிடிடா" என்றால் அது ரசத்தைப் பற்றிய பேச்சு. "துணியை எடுத்துட்டு வா, தொடை" என்றால் அதுவும் ரசத்தைப் பற்றிய பேச்சு. கோபமாகவே சொல்லியிருக்கலாம், நான் ஒன்றும் மடியில் வைத்துக் கொஞ்சச் சொல்லவில்லை. வெளங்காத பய என்பது மட்டும் ரசத்தைப் பற்றியது இல்லை. தரையில் கிடந்த ரசத்தை ஐந்து நிமிடத்தில் துடைத்துவிட்டு அடுத்த பந்தி போட்டார்கள்.

"சூடான ரசம், சின்னப் பிள்ளைங்க மேல பட்டிருந்தா?" என்று கேட்ட அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டிருக்கலாம். அப்படியானால் சூடான வாளியைப் பதினோரு வயசுப் பையன் கையில் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்த பெரியவர்களுக்குத்தானே அந்தத் திட்டு? அதில் நானும் ஒருத்தி. என்னை யாரும் வெளங்காதவள் என்று சொல்லவில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை தாங்க மாட்டேங்குது" என்று ஒரு மாமா எழுதியிருந்தார். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரை நாலாவதாகப் போட்டுவிட்டார்கள் என்று கல்யாணத்துக்கே வராதவர் அவர். மேற்கொண்டு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்று பேர் ஒரே பழமொழியைப் போட்டிருக்கிறீர்கள். முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும். எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை நின்றது. காய்த்து ஓய்ந்த பிறகு, எந்தக் கிளை என்று பார்த்து ஒடிப்பார்கள். பூத்து நிற்கும்போது வந்து ஒடித்தவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. அந்தப் பையன் அன்றைக்குப் பூத்து நின்றான். அவனாக வந்து வேலை கேட்டான். இதை மட்டும் யாருமே கவனிக்கவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். "எங்க அப்பா பேசாத பேச்சா? நாங்க நல்லா இல்லையா?"

1987 என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்பது வயது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று இருபது ரூபாய் நோட்டும் கேனும் கொடுத்து அனுப்பினார் அப்பா. வரிசையில் நின்று முன்னால் போய்க் கையை விரித்தால் நோட்டு இல்லை. எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. அப்பா அடிக்கவில்லை. "இவ கையில குடுக்குறதும் ஒண்ணு, ஆத்துல போடுறதும் ஒண்ணு" என்றார். அன்றைக்கு ஒரு நாள் சொல்லி விட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். வீட்டுக்கு யார் வந்தாலும் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். தேங்காய் வாங்கப் போனாலும் சொன்னார், பரீட்சைக்குப் பணம் கட்டப் போனாலும் சொன்னார். எங்கள் வீட்டில் அது ஒரு ஜோக் ஆகிவிட்டது. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இன்றைக்கு நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பில் நகராது. ஆனால் ஏடிஎம்மில் எடுத்த பணத்தை மூன்று முறை எண்ணுகிறேன். யாருக்காவது போனில் பணம் அனுப்பினால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, "வந்துச்சா" என்று கூப்பிட்டுக் கேட்டு, அப்புறம்தான் மீதி. பீரோ சாவி என்னிடம் இருக்காது, அவரிடம்தான் இருக்கும். என் கணவர் இதை ஜாக்கிரதை என்கிறார். நல்ல பெயர்தான். அது என்னவென்று எனக்குத் தெரியும். நல்லா இருக்கோம். ஒரு ரூபாய் முதலில் அனுப்பிப் பார்க்கும் அளவுக்கு நல்லா இருக்கோம்.

அதே வருடம் லீவுக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். கடையில் பத்து முட்டை வாங்கிவரச் சொன்னது அம்மாச்சி. வாசல்படி தடுக்கி விழுந்தேன். பை நிறைய மஞ்சள் கரு. நான் ஆத்துல போட்ட கதையை நானே சொல்லி அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மாச்சி முழங்காலைத்தான் முதலில் பார்த்தது. அப்புறம், "சரி சரி, உடைஞ்சது போக எத்தனை இருக்குன்னு எண்ணு" என்றது. எண்ணினேன். நாலு இருந்தது. "நாலு போதும்டீ, குழம்புல உடைச்சு ஊத்திக்கிருவோம். பையைக் கழுவிப் போடு." மறுநாள் காலையில் மறுபடியும் என்னையேதான் முட்டைக்கு அனுப்பியது. என் தம்பி சும்மாதான் நின்றான். என்னைத்தான் அனுப்பியது. பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காத கிழவி அது.

பொறுப்பு பொறுப்பு என்கிறீர்களே, அது எப்படி வரும்? காலேஜ் முடித்த பையனைப் பார்த்து "ஒரு பொறுப்பு இல்ல" என்று புலம்பாத வீடு உண்டா? அதே பையனுக்கு ஆறு வயதில் என்ன சொன்னோம்? "தொடாதே, உடைச்சிருவே." எட்டு வயதில், "தள்ளு, நானே செஞ்சுக்கிறேன்." என்னைக் கேட்டால் வெளங்காத பயலைவிட இந்தத் தள்ளு நானே செஞ்சுக்கிறேன் மோசம். திட்டினால் பிள்ளை அழவாவது செய்யும். இதற்கு அழவும் முடியாது. நாலு தடவை தள்ளினால் ஐந்தாவது தடவை அவனே தள்ளி நின்றுகொள்வான், கையில் போனோடு. அதற்கும் திட்டு விழும்.

இன்னும் சின்ன வயதில் நடப்பது தனிக் கூத்து. நடை பழகும் பிள்ளை தடுக்கி விழும். உடனே நாம் தரையை அடிப்போம். "தரை தள்ளிவிட்டுருச்சா? அடி அடி." தன் தப்புக்குத் தரையை அடிக்கலாம் என்று ஒரு வயதில் கற்றுக்கொடுக்கிறோம். அப்புறம் பத்து வயதில் ஒரு கரண்டி வழுக்கினால் பிள்ளையே மொத்தமும் தப்பு. இடையில் என்ன ஆயிற்று என்று யாராவது அந்தப் பிள்ளைக்கு விளக்குகிறோமா?

பெண்பிள்ளை கொட்டியிருந்தால் வெளங்காதவள் என்றுகூட நிறுத்தியிருக்க மாட்டார்கள். "போற எடத்துல எங்க மானத்த வாங்கப்போறா" என்று இன்னும் பார்க்காத மாமியார் வீடு வரைக்கும் ரசம் ஓடியிருக்கும். அதை எழுதினால் இன்னொரு பதிவு ஆகும்.

திட்டுவதற்கு நமக்கு எத்தனை வார்த்தை பாருங்கள். மக்கு, தண்டம், தறுதலை, மூதேவி, சனியன், எருமை, தண்டச்சோறு. பாராட்ட? யோசித்துப் பார்த்தேன், எங்கள் வீட்டில் கொடுக்கப்பட்ட அதிகபட்ச விருது "பரவாயில்லையே". பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி வந்தபோதும் பரவாயில்லையேதான். அதற்கு மேல் சொன்னால் கண் பட்டுவிடும். 2017இல் தமிழ்நாடு அரசே பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நம் சித்தப்பாக்கள் இன்னும் நிறுத்தவில்லை. யார் வீட்டுப் பிள்ளை உன்னைவிட எத்தனை மார்க் கூட என்ற பட்டியல் அவர்களிடம் தயாராக இருக்கிறது.

உடனே "அப்போ எதுக்கெடுத்தாலும் சூப்பர், சிங்கக்குட்டின்னு தூக்கி வச்சுக்கணுமா" என்பீர்கள். தெரியும். அதையும் நான் சொல்லவில்லை. நான் சொல்வதெல்லாம் "வெளிநாட்டுச் சரக்கு" என்று கமெண்ட்டில் ஏற்கெனவே பழி வந்துவிட்டதால், வெளிநாட்டில் நடந்த ஒன்றையே சொல்கிறேன். அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வு. புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நல்லா உழைச்சிருக்கே" என்றார்கள். அடுத்து கஷ்டமான புதிர்களைக் கொடுத்து எல்லோரையும் திணற வைத்தார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள்தான் சீக்கிரம் மனம் விட்டார்கள். திரும்ப எளிதான புதிர்களைக் கொடுத்தபோதும் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். மார்க்கை இன்னொரு பிள்ளைக்கு எழுதிச் சொல்லச் சொன்னபோது பத்தில் நாலு பேர் கூட்டிச் சொன்னார்கள். பொய். ஏன்? பெயரைக் காப்பாற்ற வேண்டுமே. நல்ல பெயர் வைத்தாலே இந்தப் பாடு. வெளங்காத பய என்று வைத்தால் காப்பாற்ற என்ன இருக்கிறது? ஜாலியாகக் காரில் போய் உட்கார வேண்டியதுதான்.

இன்னொன்று. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனரீதியாகத் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. வாத்தியார் இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் இதே அப்பா பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருப்பார். நின்றிருக்க மாட்டார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

"நீ என்ன உன் பிள்ளையைத் திட்டாமலா வளர்த்தே" என்று இன்பாக்ஸில் கேட்டவருக்கு: திட்டியிருக்கிறேன். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பஸ் பாஸைத் தொலைத்துவிட்டு வந்தாள். "உன்கிட்ட ஒண்ணு குடுத்தா" என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளே முடித்தாள், தாத்தாவின் குரலில், ஆத்துல போடுறதும் ஒண்ணு என்று. அவளுக்கு நான் அதைச் சொன்னதாகவே எனக்கு நினைவில்லை. எத்தனை முறை சொல்லியிருந்தால் மனப்பாடம் ஆகியிருக்கும்? அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பெத்த அப்பாவை முகநூலில் இழுக்கிறாயே" என்று அடுத்து வருவீர்கள். எங்கள் அப்பா நல்லவர். எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். இதைச் சொல்லும்போது கண் கலங்குகிறது, அதுவும் உண்மை. இருபது ரூபாயை மறந்துவிட்டேன் என்று ஒரே ஒரு தடவை அவர் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. போன மாதம்கூட என் மகளிடம் அந்த மண்ணெண்ணெய்க் கதையைச் சொல்லிச் சிரித்தார். 38 வருடம் ஆகிறது. நான் சிரிக்கவில்லை. அவர் கவனிக்கவில்லை.

எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். விடுங்கள்.

ஆவணி கடைசியில் எங்கள் வீட்டில் காதுகுத்து. எல்லோருக்கும் பத்திரிகை வரும். மாமா, உங்கள் பெயர் முதல் பெயர், பயப்படாதீர்கள். பந்தியில் ரசம் யார் கொடுப்பது என்று நேற்று அந்தப் பையனுக்குப் போன் செய்து கேட்டேன். "நான் வரல அத்தை, கொட்டிருவேன்" என்றான். கொட்டினால் துணி இருக்கிறது, துடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறான். கமெண்ட்டில் வகுப்பெடுத்த அத்தனை பேரும் முதல் வரிசையில் உட்காருங்கள். வெள்ளை வேட்டியில் வாருங்கள்.